பிள்ளைப் பருவத்து இன்னல்களும் பின்னாளைய உடல்நலமும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல பழக்கங்களைச் சிறு வயதிலேயே ஊட்டிவிட வேண்டும் என்பதை வலியுறுத்தவே நாம் இப்பழமொழியை எடுத்தாள்கின்றோம். வார இறுதியில் ஓய்வையும் துறந்து நம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வருவதும் இந்நம்பிக்கையினாலேயே. ஆயின், இளமையிற் பதிவன எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல. அப்பருவத்தில் பட்ட அடியும், அச்சமும், பசியும், பிரிவும் அவ்வாறே பதிந்து விடுகின்றன. அவை உள்ளத்தோடு நின்றுவிடாமல் உடலிலும் தங்கி, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படவுங் கூடும் என்பதை மருத்துவ அறிவியல் கடந்த சில பத்தாண்டுகளில் எடுத்துக்காட்டியுள்ளது.

இவ்விடயம் பலெர்மோ நகரில் வாழும் தமிழ்ப் பெற்றோராகிய நமக்கு இரு வகையில் நெருக்கமானது. நம்முட் பலர் போரின் நடுவே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள். இன்று நாமே பிள்ளைகளை வளர்க்கும் நிலையில் இருக்கின்றோம். நாம் பட்ட துன்பத்தில் எவ்வளவு நம் பிள்ளைகளைச் சென்று சேர்கின்றது? எதனை நம்மோடு நிறுத்திக்கொள்ள நம்மால் இயலும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மருத்துவரின் தேடல்

1980களில் அமெரிக்காவின் சன் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அங்கு நன்றாக எடை குறைந்து வந்தவர்களிற் பலர் காரணம் கூறாமல் இடைநடுவில் விலகிச் செல்வதைக் கண்டு அவர் வியப்புற்றார். அவர்களின் வாழ்க்கை வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டபோது, சிறு வயதில் கொடுமைக்கு உள்ளானவர்கள் அவர்களுள் மிகப் பலர் என்பது தெரியவந்தது. மருத்துவர் நோயெனக் கருதிய அதிக உணவு, அவர்களுக்குத் துயரை ஆற்றும் மருந்தாக இருந்து வந்தது.

இக்கண்டறிதலைப் பெரிய அளவிற் சோதித்துப் பார்க்க, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த றொபேட் ஆண்டாவுடன் அவர் இணைந்தார். 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட வளர்ந்தோரிடம் அவர்களின் முதற் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றி வினாக்கள் கேட்கப்பட்டன. ஆய்வின் முதல் அறிக்கை 1998இல் வெளியாயிற்று. இறுதியாக வகுக்கப்பட்ட இன்னல்கள் பத்தாகும். அடித்துத் துன்புறுத்தல், இழிசொல்லால் வதைத்தல், பாலியற் கொடுமை, உணவு உடை முதலிய தேவைகளைக் கவனியாது விடுதல், அன்பு காட்டாது புறக்கணித்தல் ஆகிய ஐந்தும் பிள்ளைக்கு நேரே இழைக்கப்படுபவை. தாய் அடிக்கப்படுவதைக் காணல், வீட்டில் ஒருவர் மதுவுக்கோ போதைக்கோ அடிமையாதல், ஒருவர் மனநோயால் வருந்துதல், ஒருவர் சிறை செல்லல், பெற்றோர் பிரிந்து வாழ்தல் ஆகிய ஐந்தும் பிள்ளை வாழும் வீட்டைச் சார்ந்தவை.

விடைகள் மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தன. பங்குபற்றியோரிற் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வகை இன்னலையேனும் அனுபவித்திருந்தனர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களிடையே குடிப்பழக்கம், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு, எவ்வின்னலும் இல்லாதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை கூடியிருந்தது. இதய நோயும் பக்கவாதமும் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டன. இன்னல்களின் வகை கூடக் கூட நோய்களும் படிப்படியாகக் கூடின.

இவ்வாய்விற் பங்குபற்றியோர் வறியவர்கள் அல்லர். மருத்துவக் காப்புறுதி உடையவர்கள், பெரும்பாலும் கல்லூரிக் கல்வி பெற்றவர்கள். ஆகவே, "இவையெல்லாம் ஏழை வீட்டுச் சிக்கல்கள்" என்று ஒதுக்கிவிட எவராலும் இயலவில்லை. பின்னர் பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றன. 2017இல் 37 ஆய்வுகளை, அதாவது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து நோக்கிய ஓர் அறிக்கையும் இதே முடிவையே உறுதி செய்தது.

உடலில் நிகழ்வது யாது?

சிறு வயதிற் பட்ட துன்பம் எவ்வழியாக ஐம்பது வயதில் மாரடைப்பாகின்றது? மாணவச் செல்வங்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

நம்முட் பலர் நாள்தோறும் நடந்து செல்லும் வியா மக்வேதாவின் குறுக்குத் தெரு ஒன்றை ஒரு பிள்ளை கடக்கின்றது. திடீரென ஒரு மோட்டார் சைக்கிள் சீறிப் பாய்ந்து வருகின்றது. அக்கணமே மூளையில் அச்சத்தை உணரும் பகுதி அபாய மணி அடிக்கின்றது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அதிரனல் சுரப்பிகள் அதிரனலீன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. குருதி அமுக்கம் ஏறுகின்றது. பிள்ளை துள்ளி விலகித் தப்புகின்றது. தொடர்ந்து கோர்ட்டிசோல் என்னும் மற்றோர் ஓமோன் சுரந்து, உடலுக்கு வேண்டிய சர்க்கரையைக் குருதியில் சேர்க்கின்றது. தாய் ஓடி வந்து அணைத்துக்கொள்கிறாள். சிறிது நேரத்தில் யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இஃது உடல் நமக்கு அளித்துள்ள அரிய பாதுகாப்பு. இத்தகைய சிறு அதிர்ச்சிகளாற் பிள்ளைக்குக் கேடில்லை.

ஆனால் அபாயம் வீதியில் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்னாகும்? கதவு திறக்கும் ஓசை கேட்டாலே நெஞ்சு படபடக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அணைக்க வேண்டிய கையே அடிக்கும் கையாகவும் இருப்பின், அபாய மணியை யார் நிறுத்துவது? அது தீ இல்லாத வேளையிலும் ஓயாது ஒலிக்கின்றது. உடல் எந்நேரமும் போருக்கு ஆயத்தமாக நிற்கின்றது. நீண்ட காலம் மிகையாகச் சுரக்கும் ஓமோன்கள் குருதி அமுக்கத்தையும் குருதியிலுள்ள சர்க்கரையையும் உயர்த்துகின்றன; நோயெதிர்ப்புத் தொகுதியின் ஒழுங்கைக் குலைக்கின்றன; நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளின் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. வகுப்பில் "இவனுக்குக் கவனமே இல்லை" என்று கண்டிக்கப்படும் சில பிள்ளைகளின் மூளை, உண்மையில் வேறோர் அபாயத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கின்றது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 காலப்பகுதியிற் பிறந்த ஓராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து வருகின்றனர். சிறு வயதில் துன்புறுத்தப்பட்டவர்களின் குருதியில், அவர்கள் முப்பத்திரண்டு வயதை எய்தியபோதும் அழற்சியைக் காட்டும் குறிகள் கூடுதலாக இருந்தமை 2007இல் அறிவிக்கப்பட்டது. நாட்பட்ட அழற்சி இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் வழி வகுப்பதாகும்.

இரண்டாவது வழி பழக்கங்களின் வழி. ஓயாத உள்ளக் கொந்தளிப்பைத் தணிக்க ஒருவர் புகைக்கின்றார், இன்னொருவர் குடிக்கின்றார், வேறொருவர் அளவுக்கு மீறி உண்கின்றார். அவை அந்நேரத்துக்கு ஆறுதல் தந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல நோயைத் தருகின்றன.

ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வு இன்னுமோர் உண்மையை உணர்த்தியது. அங்கு அரச இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளிற் பாதிப்பேர், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில், வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். இல்லங்களில் உணவும் படுக்கையும் இருந்தன. தமக்கெனத் தூக்கிக் கொஞ்ச ஒருவர் இருக்கவில்லை. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் மூளை வளர்ச்சியிலும் பேச்சிலும் மனநலத்திலும் முன்னேறினர். அதிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் சென்றவர்கள் கூடிய பயன் பெற்றனர். அடியாமல் விடுவது மட்டும் போதாது, அன்பும் உணவைப் போன்றதொரு தேவையே என்பது இதனாற் புலனாயிற்று.

சிசிலி மண் கண்ட துயர்

நாம் குடியேறி வாழும் இச்சிசிலித் தீவும் பிள்ளைகளின் துயரை நன்கறிந்த மண்ணே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலெர்மோ மாகாணத்தின் லெர்க்காரா ஃபிரித்தி உட்பட இத்தீவின் பல இடங்களில் கந்தகச் சுரங்கங்கள் இயங்கின. ஆறு ஏழு வயதுச் சிறுவர்கள்கூட ஆழ்சுரங்கத்திலிருந்து கந்தகக் கற்களை முதுகிற் சுமந்து ஏறினர். கரூசி என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். வறிய பெற்றோர் சுரங்கத் தொழிலாளியிடம் முற்பணம் பெற்றுக்கொள்வர். அக்கடன் தீரும்வரை சிறுவனுக்கு மீட்சியில்லை. 1876இல் சிசிலியைச் சுற்றிப் பார்த்து லியோபொல்தோ ஃபிரங்கெத்தியும் சிட்னி சொன்னினோவும் எழுதிய ஆய்வு நூல் இக்கொடுமையை இத்தாலிய மக்களின் பார்வைக்குக் கொணர்ந்தது. இச்சிறுவர்கள் வளர்ந்து படைச்சேவைக்கான உடற்பரிசோதனைக்குச் சென்றபோது, உயரம் குன்றியும் முதுகு வளைந்தும் இருந்தமையாற் பெருந்தொகையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். இளமையில் ஏற்றிய சுமையை உடல் மறக்கவில்லை என்பதற்கு அறிவியற் கருவிகள் வருமுன்னரே கிடைத்த சான்று இது.

இம்மண் வேறொன்றையும் நமக்குக் கற்பிக்கின்றது. 1952 ஒக்டோபரில் பலெர்மோ மாகாணத்துத் திரப்பெத்தோ என்ற மீனவர் கிராமத்தில் ஒரு குழந்தை பசியால் இறந்தது. வட இத்தாலியிலிருந்து வந்து அங்கு தொண்டாற்றிய டனிலோ டொல்ச்சி, அக்குழந்தையின் படுக்கையிலேயே படுத்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். அதிகாரிகள் அவ்வூரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. சிசிலியின் காந்தி எனப் போற்றப்பட்ட அவர் 1956இல் பலெர்மோவின் வறுமையைப் பற்றி விரிவானதோர் ஆய்வு நூலையும் வெளியிட்டார்.

இந்நகரின் பிரங்காச்சியோப் பகுதியில், பினோ புல்யீசி என்ற பாதிரியார் தெருப் பிள்ளைகளை மாஃபியாக் கும்பலின் பிடியிலிருந்து மீட்கத் தம் வாழ்வை ஈந்தார். அவர் தொடங்கிய 'பாத்ரே நொஸ்த்ரோ' நிலையம் அப்பிள்ளைகளுக்குப் படிக்கவும் விளையாடவும் நம்பிப் பேசவும் ஓர் இடமாயிற்று. 1993 செப்தெம்பர் 15ஆம் நாள், தமது ஐம்பத்தாறாவது பிறந்த நாளன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பிள்ளைக்கு நம்பத்தக்க ஒரு பெரியவர் கிடைத்தால் அதன் பாதை மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார், மாஃபியாவினரும் அறிந்திருந்தனர்.

நம் தாயகப் பிள்ளைகள்

இனி நம் மக்களிடம் வருவோம். ஷெல் வீச்சு, வான்குண்டுகள், பதுங்குகுழி இரவுகள், 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வு, பிள்ளைகள் ஆயுதமேந்த வைக்கப்பட்டமை, 2004 டிசெம்பர் 26ஆம் நாளைய ஆழிப்பேரலை, 2009இன் வன்னிப் பேரழிவு என ஒரு தலைமுறைக்கு மேல் நம் பிள்ளைகள் பட்டவை பல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கிருந்து சிகிச்சை அளித்தவர். காயம்பட்ட உள்ளங்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1998இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வகையில் முன்னோடியானது. உள்ளத்துத் துயரை நம்மவர் தலைவலி, உடல் உளைவு, நெஞ்சு இறுக்கம் எனப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே மருத்துவரிடம் எடுத்துரைப்பதை அவர் சுட்டிக்காட்டினார். உள்ளத்தில் ஏற்பட்ட காயத்தின் தழும்பைக் குறிக்க 'மனவடு' என்ற அழகிய தமிழ்ச் சொல்லும் நம்மவரிடையே வழக்குக்கு வந்தது.

வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே பிள்ளைகளிடம் உரையாடினர். நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சையோ மோதலையோ அன்புக்குரியவரின் சாவையோ நேரிற் கண்டு கடும் அதிர்ச்சிக்கு உள்ளாகியிருந்தனர். நான்கில் ஒரு பிள்ளை மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தது. இப்பிள்ளைகளின் நினைவாற்றலும் படிப்பும் குன்றியிருந்ததோடு, உடல்நலக் குறைவும் மிகுதியாகக் காணப்பட்டது.

நம் கவனத்தைப் பெரிதும் ஈர்க்க வேண்டியது 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு. இலங்கையின் வட கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இதிற் பங்குபற்றினர். அவர்களுள் நூற்றுக்கு 82 பேருக்குப் போர் அனுபவம் இருந்தது. அதனினும் கூடுதலாக, நூற்றுக்கு 95 பேர் வீட்டுக்குள் நிகழும் வன்முறையில் ஒன்றையேனும் அனுபவித்ததாகக் கூறினர். நூற்றுக்கு 30 பேரிடம் மனவடு நோயும், ஏறத்தாழ 20 பேரிடம் கடும் மனச்சோர்வும் காணப்பட்டன. முன்னர் போருக்கு முகங்கொடுத்தமையும், தந்தையின் குடிப்பழக்கமும் பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுவதோடு தொடர்புற்றிருந்தன.

இம்முடிவை நாம் ஆற அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும். போர் வெளியிலிருந்து வந்தது. அதனைத் தடுக்கும் வல்லமை நம்மிடம் இருக்கவில்லை. ஆனால் போரின் சூடு தந்தையின் கோபமாகவும், மதுப் போத்தலாகவும், தாயின் கண்ணீராகவும் வீட்டுக்குள் நுழைந்தபோது, பிள்ளைக்கு இரண்டாவது காயம் ஏற்பட்டது. முதற் காயத்தை ஆற்ற வேண்டிய இடமே இரண்டாவது காயத்தைத் தந்தது. அவ்விரண்டாவது காயத்தைத் தடுக்கும் ஆற்றல் நம் கைகளில் உள்ளது.

பலெர்மோவில் நம் இல்லங்கள்

இந்நகரில் நம் பெற்றோர் பலர் வீட்டுப் பணியிலும், முதியோர் பராமரிப்பிலும், உணவகங்களிலும் உழைக்கின்றனர். காலையில் ஒருவர், இரவில் ஒருவர் எனப் பணி நேரம் மாறி மாறி அமைவதால், ஒரே மேசையில் இருந்து உண்பதுகூட அரிதாகும் வீடுகள் உண்டு. தாயகத்திலுள்ள உறவுகளுக்குப் பணம் அனுப்ப வேண்டும். வாடகை கட்ட வேண்டும். வதிவிட அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் தாம் பயின்ற இத்தாலிய மொழியாற் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராகி, அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பெரியவர்களின் கவலைகளை வயதுக்கு முன்னரே சுமக்கின்றனர். இவையெல்லாம் பெற்றோரின் குற்றங்கள் அல்ல. ஆயினும் களைத்த உடலும் கலங்கிய உள்ளமும் சினத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

"அடியாத மாடு படியாது", "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். "நாங்கள் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்பாரும் உளர். ஆளானது உண்மை, அடியினாலேயே ஆளானோம் என்பதற்குச் சான்றில்லை. நம்மை ஆளாக்கியவை தாயின் உழைப்பும், பாட்டியின் அரவணைப்பும், அக்கறையுள்ள ஆசிரியர்களுமே. அடி தந்தது அச்சம். அச்சத்தாற் படிக்கும் பிள்ளை அடிக்கும் கை அகன்றதும் புத்தகத்தை மூடிவிடுகின்றது. இத்தாலியச் சட்டமும் இதனை ஏற்பதில்லை. கல்வி புகட்டுவதற்காகவேனும் பிள்ளைமீது வன்முறையைக் கையாளுதல் முறையாகாது என இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1996இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

இனி, போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதா, மறைப்பதா என்ற குழப்பம் பல பெற்றோருக்கு உண்டு. சில வீடுகளில் முழு அமைதி நிலவுகின்றது. சில வீடுகளில் கோரக் காட்சிகள் பிள்ளைகளின் கண்முன்னே தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடுகின்றன. இரண்டும் பிள்ளைக்கு நன்மை தருவனவல்ல. அப்பா ஏன் வாணவேடிக்கைச் சத்தத்துக்கு அஞ்சுகின்றார், அம்மா ஏன் மே மாதத்தில் அழுகின்றார் என்பதைக் காரணம் அறியாத பிள்ளை, தன்னிடமே குற்றம் உள்ளதென எண்ணிக்கொள்ளக் கூடும். அதன் வயதுக்கு ஏற்ற அளவில், அமைதியான குரலில், "அது நடந்தது, இப்போது நாங்கள் பாதுகாப்பாக இருக்கின்றோம்" என்று கூறுதலே நன்று.

இது தலைவிதியன்று

இதுவரை வாசித்த பெற்றோர் சிலர், "அப்படியாயின் எமக்கும் எம் பிள்ளைகளுக்கும் நோய்தான் முடிவா?" என்று கலங்கலாம். அவ்வாறன்று. மேற்கூறிய ஆய்வுகள் பெருந்தொகையான மக்களிடையே காணப்படும் வாய்ப்பைக் கூறுகின்றனவேயன்றி, தனி ஒருவரின் வருங்காலத்தைக் கணித்துச் சொல்வனவல்ல. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பரம்பரை, உணவு, உடலுழைப்பின்மை எனப் பல காரணங்கள் உண்டு. இன்னல்களை எண்ணிப் பிள்ளைக்குப் புள்ளி போட்டு ஒதுக்கி வைப்பதும் தவறாகும்.

நம்பிக்கை தரும் சான்றுகளும் உள. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இற் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வேர்னர் என்ற உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம் முதலிய பல இன்னல்களின் நடுவே வளர்ந்தவர்கள். அவ்வாறு இன்னலுற்றவர்களிலும் மூன்றிலொருவர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அன்பும் உடையவர்களாக வளர்ந்தனர். அவர்களிடையே பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, அவர்களை மாறா அன்போடு ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரேனும் இருந்தமையாகும். அவர் பெற்றோராக இருக்க வேண்டுமென்பதில்லை; பாட்டியாகவோ, மாமாவாகவோ, அயலவராகவோ, ஆசிரியராகவோ இருந்தார்.

காயம் ஆறவும் கூடும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வட கிழக்கில் மனவடு நோயுற்ற 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர் ஆறு அமர்வுகளில் உதவினர். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காக எடுத்துரைக்க வழிகாட்டப்பட்டனர். மறு பகுதியினருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியில் நூற்றுக்கு 81 பேரும், மறு பகுதியில் 71 பேரும் அந்நோயிலிருந்து மீண்டிருந்தனர். பெரிய வைத்தியசாலையோ விலையுயர்ந்த மருந்தோ அங்கு இருக்கவில்லை. கேட்கும் பொறுமையும் முறையான பயிற்சியும் உடைய மனிதர்கள் இருந்தனர்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் அபாய மணி ஒலிக்காத நேரம் ஒன்றை உண்டாக்குவோம். நாளொன்றுக்குக் கால் மணி நேரமாயினும் கைப்பேசியை ஒதுக்கி வைத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்போம். உறங்கும் நேரம், உண்ணும் நேரம், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என நிலையான ஒழுங்குகள் பிள்ளையின் உடலுக்கு "நீ பாதுகாப்பாக இருக்கின்றாய்" என்று நாள்தோறும் சொல்கின்றன.

இரண்டாவது, சினம் ஏறும்போது கை ஓங்குவதற்கு முன் அறையை விட்டு அகல்வோம். கடுஞ்சொல் வந்துவிட்டாற் பின்னர் பிள்ளையிடம் "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று கூறத் தயங்கலாகாது. அது பெற்றோரின் மதிப்பைக் குறைக்காது. உறவை எவ்வாறு சீர்செய்வது என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்கும்.

மூன்றாவது, குடியைக் குடும்ப இரகசியமாக மூடி வைக்காமல், நோயாகக் கருதிச் சிகிச்சை தேடுவோம். போர்க் கால நினைவுகளால் உறக்கமின்றி வருந்தும் தாய் தந்தையரும் மருத்துவரை நாடுதல் வேண்டும். பெற்றோர் நலம் பெறுவது பிள்ளைக்குத் தரும் மருந்தின் முதற்பாதி. இந்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினான்கு வயது வரை 'பெதியாத்ரா' எனப்படும் குழந்தை மருத்துவரைப் பொதுச் சுகாதாரச் சேவை வழங்குகின்றது. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமன்றி, படுக்கையை நனைத்தல், அடிக்கடி வயிற்று நோ, உறக்கத்தில் அலறுதல், பேச்சுக் குறைதல் ஆகியவற்றையும் அவரிடம் சொல்லலாம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான 'கொன்சுல்தோரியோ ஃபமிலியாரே' எனும் குடும்ப ஆலோசனை நிலையங்களும் நமக்காகவே உள்ளன. "ஊர் என்ன சொல்லும்?" என்ற தயக்கத்தாற் பிள்ளையின் நலனை இழத்தல் கூடாது.

நான்காவது, தமிழ்ப் பள்ளியாகிய நம் கூடத்தின் கடமை. வாரத்தில் சில மணி நேரமே நம் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் காண்கின்றனர். எனினும் கவாய்த் தீவு ஆய்வு சொல்லும் அந்த ஒரு பெரியவராக அவர்கள் இருக்க முடியும். வினாத்தாளிற் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையைப் பலர் முன் ஏளனம் செய்யாமல், வழமைக்கு மாறாக ஒடுங்கியிருக்கும் பிள்ளையிடம் தனியே நலம் விசாரித்தல் ஒரு சிறு செயல். ஆனால் அப்பிள்ளை அதனை வாழ்நாள் முழுவதும் நினைத்திருக்கக் கூடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டிலோ வெளியிலோ எவரேனும் உங்களைத் துன்புறுத்தினால் அது உங்கள் குற்றமன்று. நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள்; அவர் கேளாவிடின் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் அவசர உதவிக்கென இத்தாலியில் 114 என்ற இலவசத் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் துயருற்றிருப்பதைக் கண்டால் அவரைக் கேலி செய்யாது அருகில் அமருங்கள்.

நாம் தாயகத்தை விட்டுப் புறப்பட்டபோது கையிற் கொண்டு வந்தவை சில. மொழியைக் கொண்டு வந்தோம். கலையையும் வழிபாட்டையும் கொண்டு வந்தோம். அவற்றை நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவே இப்பள்ளியை நடத்துகின்றோம். நாம் அறியாமலே நம்மோடு வந்த அச்சத்தையும் கடுமையையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தை அன்போடு கற்பிக்கும் இல்லங்களும் வகுப்பறைகளும், நம் பிள்ளைகளின் நாளைய இதயத்துக்கும் இன்றே செய்யும் மருத்துவமாகும்.